யாரால் முடியாது?

சிங்கப்பூரில் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை ஓட்டிவிடலாம். 'கேன்' என்றால் சரி. 'கேன் கேன்' என்றால் தாராளமாக. 'கேன் லா' என்றால் ஆகிவிடும், கவலைப்படாதே. 'கேன் மெ?' என்று இழுத்தால் நீ சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'ஆல்சோ கேன்' என்றால் எனக்கு இதில் பெரிய விருப்பமில்லை, ஆனாலும் தடுக்கமாட்டேன். கோப்பிக் கடை அங்கிளிடம் சீனியைக் குறைக்கச் சொல்வதிலிருந்து மேலாளரிடம் லீவு கேட்பது வரைக்கும் 'கேன் ஆர் நாட்?' என்ற மூன்று சொல் போதும். ஜொகூர் பாருவிலிருந்து காஸ்வேயைத் தாண்டி வேலைக்குப் போகிற நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். இக்கரையில் 'போலே', அக்கரையில் 'கேன்'. இருட்டு விலகும் முன்னே பைக் வரிசையில் நிற்கும்போதே நாக்கு மாறத் தயாராகிவிடும்.

இலக்கணம் படித்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. நாலு இனத்துக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் ஊரில் ஒரு சொல் இவ்வளவு சுமையைத் தூக்குகிறது என்றால் அது நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சுமை என்ன என்று ஒருமுறை இறக்கிப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்தச் சொல்லின் எதிர்மறை, அதாவது 'கேனாட்', 'தக் போலே', நம் 'முடியாது', இவற்றை வைத்து மனிதர்கள் ஒருவரை ஒருவர் நிறைய ஏமாற்றிக்கொள்கிறோம். அதே சொல்லை வைத்து சிலர் தங்களைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம். மலேசியாவில் ஆரம்பப் பள்ளி முடித்த யாரைக் கேட்டாலும் ஒரு ஆங்கில வாக்கியம் தூக்கத்திலும் வரும். 'டீச்சர், மே ஐ கோ அவுட்?' கழிவறைக்குப் போவதற்கான மந்திரம் அது. தப்பித்தவறி 'கேன் ஐ கோ அவுட்?' என்று கேட்டுவிட்டால் சில ஆசிரியர்களுக்கு அன்றைக்கு நல்ல தீனி. "உன்னால முடியுமா முடியாதான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" வகுப்பு சிரிக்கும். கேட்டவன் பாவம், காலைக் குறுக்கிக்கொண்டு நிற்பான். கேன் என்பது திறமைக்கு, மே என்பது அனுமதிக்கு. இதுதான் பாடம்.

வேடிக்கை என்னவென்றால், சொற்களின் வரலாறு அந்த ஆசிரியர்களின் பக்கம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'கேன்' என்ற சொல்லின் மூலமான 'குன்னன்' என்பதற்கு முதல் பொருள் 'அறிதல்'. ஜெர்மன் மொழியின் 'கொன்னென்' அதன் உறவு. தந்திரக்காரனைக் குறிக்கும் 'கன்னிங்' அதே குடும்பம்தான், விஷயம் தெரிந்தவன் என்ற அர்த்தத்தில். நாகரிகம் இல்லாதவனை 'அன்கூத்' என்கிறார்களே, அது முதலில் 'அறியப்படாத' என்று மட்டும்தான் பொருள்பட்டது. சரி, அப்போது திறமைக்கும் வலிமைக்கும் என்ன சொல் இருந்தது? 'மே'! அதன் பழைய வடிவத்துக்கு வலிமை, இயலுதல் என்றுதான் பொருள். 'மைட்' என்று வலிமையைக் குறிக்கும் பெயர்ச்சொல் இன்றும் இருக்கிறது. ஆக, அறிவைக் குறித்த சொல் வலிமைக்கு நகர்ந்தது, வலிமையைக் குறித்த சொல் அனுமதிக்கு நகர்ந்தது. இப்போது அறிவுக்கு வந்த அந்தச் சொல்லே வலிமையைத் தாண்டி அனுமதிக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பையன் செய்தது தவறில்லை. நகர்ந்துகொண்டிருக்கும் பஸ்ஸில் அவன் அடுத்த ஸ்டாப்பில் ஏறிவிட்டான், அவ்வளவுதான்.

(தண்ணீர் கேன் வேறு. அது பாத்திரம். அந்தச் சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.)

மலாயில் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. 'போலே' என்றால் செய்ய இயலும், செய்ய அனுமதி உண்டு, நடக்க வாய்ப்பு உண்டு, எல்லாம்தான். 'போலே ஜாடி' என்றால் இருக்கலாம். 'மானா போலே?' என்றால் அதெப்படி முடியும், அதெப்படி விடுவார்கள் என்று இரண்டும். எனக்கு மிகவும் பிடித்தது 'போலே தஹான்'. நேராகப் பார்த்தால் 'தாங்க முடியும்' என்று பொருள். ஆனால் ஒரு நாசி லெமாக் கடையைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு. பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். தாங்க முடிகிற அளவுக்கு இருப்பதையே நல்லது என்று சொல்லும் ஒரு மனநிலையை நான் மதிக்கிறேன்.

தமிழோ நேர்மாறாக, ஒரு கேனுக்குப் பதில் ஒரு கூட்டத்தையே வைத்திருக்கிறது. ஆற்றங்கரையில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு நீந்தத் தெரியும். ஆனா இன்னைக்குக் காய்ச்சல், நீந்த முடியாது. இங்க நீந்தலாம், போர்டு ஒண்ணும் இல்ல. ஆனா முதலை இருக்கக்கூடும்." நான்கையும் ஆங்கிலத்தில் ஒரே கேன் வைத்துச் சொல்லிவிடலாம். நாம் அறிவுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, அனுமதிக்கு ஒன்று, வாய்ப்புக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறோம். போதாததற்கு 'வரும்' வேறு. "அவளுக்குப் பாட வரும்." பாட்டு எங்கிருந்தோ நடந்து அவளிடம் வருகிற மாதிரி.

இத்தனை கவனமாகப் பிரித்த மொழி, எதிர்மறைக்குப் போனதும் என்ன செய்கிறது பாருங்கள். 'இருக்கக்கூடும்' என்பது வாய்ப்பு. 'இருக்கக்கூடாது' என்பதோ வாய்ப்பு இல்லை என்பதல்ல, தடை. பொய் சொல்லக்கூடாது என்றால் பொய் சொல்வது நடக்காத காரியம் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. உலகத்தைப் பற்றிய செய்தியாக இருந்த சொல், ஒரு மறுப்பு விகுதி சேர்ந்ததும் ஒழுக்கமாக மாறிவிடுகிறது. 'முடியாது' அதைவிடக் கள்ளத்தனமானது. "இந்தப் பெட்டியைத் தூக்க முடியாது" என்றால் பெட்டி கனம். "உங்க வீட்டுக்கு வர முடியாது" என்றால்? வேலை இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், அல்லது போன தீபாவளிக்கு நீங்கள் பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை என்றும் இருக்கலாம்.

'முடியாது' என்பதில் 'மாட்டேன்' குடியிருக்கிறது. இரண்டுக்கும் இலக்கணத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே இதைச் சுற்றித்தான். மாட்டேன் என்ற சொல்லுக்குள் ஆள் இருக்கிறார். மாட்டேன், மாட்டோம், மாட்டார், மாட்டாள் என்று விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். முடியாது என்பதில் ஆள் கிடையாது. யார் சொன்னாலும் அது அஃறிணை ஒருமை. உண்மையில் 'முடி' என்றால் நிறைவடைதல். என்னால் முடியாது என்றால், என் வழியாக அந்தக் காரியம் முடிவுக்கு வராது. வாக்கியத்தின் எழுவாய் நான் அல்ல, காரியம். நான் வெறும் கருவி, 'ஆல்' உருபு ஏற்ற ஒரு சாமான். அந்த 'என்னால்' என்பதையும் பேச்சில் விட்டுவிடுகிறோம். "முடியாது சார்." அவ்வளவுதான். பேசியவர் வாக்கியத்தைவிட்டு வெளியேறிவிட்டார்.

பேச்சுத் தமிழ் இதில் ஒரு தமாஷும் செய்கிறது. கார் கிளம்பவில்லை என்றால் என்ன சொல்கிறோம்? "ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது." பிரிண்டர் பிரிண்ட் எடுக்கமாட்டேங்குது. கதவு திறக்கமாட்டேங்குது. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் பிடிவாதம் இருப்பதாகச் சொல்கிறோம். மனம் உள்ள மனிதன் மட்டும் முடியாது என்கிறான்.

எங்கள் தாமானில் ஒரு பாட்டி. பிறந்தது தோட்டத்தில். அந்தக் காலத்தில் கிராணி எந்தக் காதில் விழுந்ததோ அந்த எழுத்தில் பெயரை எழுதிக்கொடுத்த தலைமுறை. அவருடைய அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் இறந்துபோன கணவரின் பத்திரத்தில் மனைவி பெயர் இன்னொரு மாதிரியும் இருந்தது. ஒரே ஒரு எழுத்து. உதவித்தொகைக்காக அவரோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி நல்லவர்தான், பாட்டியை உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். "சிஸ்டம் தக் போலே, ஆன்ட்டி," என்றார். அடுத்த மாதமும் அதே பதில். மூன்றாவது முறை அவர் லீவு. அவர் இடத்தில் இருந்த பெண், "சூராட் சும்பா ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று," என்றார். வெளியே போய் சத்தியப் பிரமாணம் செய்து வந்தோம். அன்று மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

அந்தத் தம்பி பொய் சொன்னாரா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. கணினியில் பெயரை அடித்தபோது சிவப்பு எழுத்து வந்திருக்கும். அவர் கண்டது உண்மை. ஆனால் அதற்கு அப்பால் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் வழி இருந்திருக்கும், அந்த அடிக்கு மேலதிகாரியிடம் கேட்கவேண்டும், கேட்டால் ஏதாவது கேள்வி வரும். எதற்கு வம்பு? 'நான் கேட்கமாட்டேன்' என்று அவரால் பாட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. 'சிஸ்டம் தக் போலே' என்று சொல்ல முடிந்தது. அந்த வாக்கியத்தில் அவர் இல்லவே இல்லை. சிஸ்டம் இருந்தது, பாட்டி இருந்தார்.

தத்துவ வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தால் காண்ட்டைக் கூப்பிடுவார்கள். 'செய்யவேண்டும்' என்பதில் 'செய்ய முடியும்' அடங்கியிருக்கிறது என்ற கருத்து அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1788-இல் வந்த நூலில் ஒரு கற்பனை வைக்கிறார். உன் அரசன் ஒரு நல்ல மனிதனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லச் சொல்கிறான். மறுத்தால் உடனே தூக்கு. நீ மறுப்பாயா? தெரியவில்லை என்பாய், பயம் இருக்கும். ஆனால் மறுக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்று தயங்காமல் ஒப்புக்கொள்வாய். மறுக்கவேண்டும் என்று தெரிந்திருப்பதாலேயே மறுக்க முடியும் என்றும் தெரிகிறது. இதில் எனக்குப் பிடித்தது, 'செய்வேனா' என்பதையும் 'முடியுமா' என்பதையும் அவர் பிரித்து வைப்பது. பிடிக்காதது, தூக்குமேடைக்கு முன்னால்கூட 'முடியாது' என்று சொல்ல இடம் தராத அந்தக் கறார்.

ஆக்ஸ்ஃபர்டில் ஜே. எல். ஆஸ்டின் என்று ஒருவர் இருந்தார். அன்றாட ஆங்கிலச் சொற்களைத் தராசில் வைத்து நிறுப்பதையே தத்துவம் என்று செய்தவர். 1956-இல் இந்த 'கேன்' பற்றி மட்டும் ஒரு முழு உரை நிகழ்த்தினார். 'அவனால் வேறு மாதிரி செய்திருக்க முடியும்' என்றால் 'அவன் விரும்பியிருந்தால் செய்திருப்பான்' என்றுதான் அர்த்தம் என்று ஜி. இ. மூர் 1912-இல் எழுதியிருந்தார். ஆஸ்டினுக்கு இது ஒப்பவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறார்: கோல்ஃப் விளையாட்டில் ஒருவர் மிகச் சுலபமான, குழிக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தைத் தவறவிடுகிறார். தன்னையே நொந்துகொள்கிறார், என்னால் முடிந்திருக்குமே என்று. விரும்பியிருந்தால் போட்டிருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. விரும்பினார், முயற்சியும் செய்தார், ஆனாலும் தவறியது. இருந்தும் 'முடிந்திருக்கும்' என்பது உண்மை. விருப்பம், முயற்சி, இயலுமை மூன்றும் நாம் நினைக்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி வைத்த டிபன் கேரியர் இல்லை.

இந்தச் சின்ன விஷயம் ஏன் முக்கியம் என்றால், நம்மைச் சுற்றி எல்லா மேடைகளிலும் இப்போது மூர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். 'உன்னால் முடியும்.' தேர்வுக்கு முந்தைய ஊக்குவிப்புக் கருத்தரங்கு எதிலாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? மைக்கைப் பிடித்தவர் "முடியுமா?" என்று கத்துவார், முந்நூறு பிள்ளைகள் "முடியும்!" என்று திருப்பிக் கத்துவார்கள். 'மலேசியா போலே' என்று நாடே கத்திய காலம் ஒன்று இருந்தது. 2008-இல் ஒபாமாவின் கூட்டங்களிலும் இதே வினைச்சொல்தான் கோஷம். கேட்கும்போது தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கருத்தரங்கு முடிந்து, தேர்வும் முடிந்து, முடிவு வரும் நாளில் அந்த முந்நூறு பேரில் சிலர் தோற்பார்கள். உன்னால் முடியும், நீ விரும்பினால் போதும் என்று சொல்லியாகிவிட்டதே. அப்படியென்றால் நீ விரும்பவில்லை. படிக்க மேசை இல்லாத வீடு, இரவு ஷிஃப்ட் போகும் அம்மா, பாடத்துக்கு ஆசிரியரே வராத மூன்று மாதம், இதெல்லாம் அந்த வினைச்சொல்லில் இருந்து விழுந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் எழுதும் பியுங்-சுல் ஹான் என்ற கொரியரின் 2010-ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று இதைத்தான் பேசுகிறது. பழைய சமூகம் 'கூடாது', 'வேண்டும்' என்று மனிதனை விரட்டியது. இன்றைய சமூகம் 'முடியும்' என்று விரட்டுகிறது. எஜமான் வெளியே இருந்தால் அவனிடம் முடியாது என்று சொல்லலாம். எஜமான் உள்ளே உட்கார்ந்துகொண்டு உன்னால் முடியும் என்று சொன்னால் யாரிடம் போய் மறுப்பது? ஹான் கொஞ்சம் அதிகமாகவே பொதுமைப்படுத்துகிறவர், மின்ரொட்டி மாதிரி சின்னச் சின்ன வாக்கியங்களில் பெரிய தீர்ப்புகள் தருவார். தொழிற்சாலையில் இன்றும் வெளியே இருக்கும் எஜமானிடம் வேலை செய்கிறவர்கள் அவர் கண்ணில் படுவதில்லை. ஆனாலும் அந்தக் கருத்தரங்குகளுக்கு அவர் சொல்வது அப்படியே பொருந்துகிறது.

வெளியே இருந்த எஜமான் என்றதும் எனக்கு 1941 ஞாபகம் வருகிறது. சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண் தொழிலாளர்கள் மேல் கை வைப்பதை நிறுத்துவது என்று கோரிக்கைகள் நீண்டன. அந்தப் பட்டியலில் ஒன்று, முதல் தடவை படித்தபோது சின்னதாகத் தெரிந்தது: துரையும் மற்ற அதிகாரிகளும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்.

யோசித்துப் பாருங்கள். கூலிக்குக் கணக்கு இருக்கிறது. வேலை நேரத்துக்குக் களைப்பு இருக்கிறது. சைக்கிளைவிட்டு இறங்குவதில் என்ன நஷ்டம்? ஒரு காலைத் தரையில் ஊன்றினால் முடிந்தது. அப்பா இறங்கினார், தாத்தா இறங்கினார். இறங்கத் தெரியும், உடம்பு இடம் கொடுக்கும். அந்தக் கோரிக்கையைத் தமிழில் ஒரு சொல்லாகச் சுருக்கினால் 'முடியாது' என்றுதான் வரும். இனிமேல் இறங்க முடியாது. அரசாங்கத்தின் பதில் என்னவென்று நமக்குத் தெரியும். நாதன் கைதானார், பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள்.

இந்த 'முடியாது' என்ன வகை? இயலாமை இல்லை. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதும் இல்லை, பிடிக்காத நூறு வேலைகளை அவர்கள் தினமும் செய்தார்கள். பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் 'அறம் சார்ந்த இயலாமை' எனலாம். பெட்டியைத் தூக்க முடியாதவன் முயன்று பார்த்துத் தோற்கிறான். இவன் முயன்று பார்ப்பதே இல்லை. யோசித்து, கூட்டிக் கழித்து, இதை நான் செய்தால் அதற்கப்புறம் 'நான்' என்று சொல்லிக்கொள்ள ஆள் இருக்காது என்ற இடத்துக்கு வந்து நிற்கிறான். அதைத் தீர்மானம் என்றும் சொல்லலாம், கண்டுபிடிப்பு என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல 'வோன்ட்', 'கேனாட்' இரண்டில் எது பொருத்தம் என்று சண்டை போடவேண்டும். தமிழில் சண்டை தேவையில்லை. 'மாட்டேன்' என்ற சொல்லே ஒரு காலத்தில் இயலாமையைத்தான் குறித்தது. பழைய நூல்களில் 'மாட்டாமை' என்றால் இயலாமை. இயலாது என்று தொடங்கிய சொல் மெல்ல மெல்ல மறுப்பாக மாறியது. இப்போது 'முடியாது' அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. நம் மொழி இந்த எல்லைக்கோட்டை அழித்து அழித்து எழுதிக்கொண்டே இருக்கிறது. அங்கே மனிதர்கள் நின்றுகொண்டிருப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

ஆக, கவுண்டர் தம்பியும் முடியாது என்கிறார், தோட்டத்துத் தொழிலாளியும் முடியாது என்கிறார். அதே விகுதி, அதே அஃறிணை. எப்படிப் பிரிப்பது? நான் செய்து பார்ப்பது, அந்த இடத்தில் 'மாட்டேன்' என்பதைப் போட்டுப் பார்ப்பது. தொழிலாளியால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும். முடியாது, இறங்கமாட்டேன். முதல் சொல்லில் மறைந்த ஆள் இரண்டாவது சொல்லில் வந்து மார்பைக் காட்டி நிற்கிறார், சுடுவதானால் சுடட்டும் என்று. கவுண்டர் தம்பியால் இரண்டாவதைச் சொல்ல முடியாது. சொன்னால் அவருடைய முதல் வாக்கியம் இடிந்துவிடும்.

இதோடு நிறுத்தியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். முடியாது என்று சொல்கிற எல்லோரிடமும் 'உண்மையைச் சொல், மாட்டேன் என்றுதானே அர்த்தம்?' என்று கேட்டுக்கொண்டு திரியலாம். நண்பர்கள் சிலர் அப்படித்தான் வாழ்கிறார்கள், உடன் இருப்பது சிரமம். ஆனால் மூன்றாவது ஒரு முடியாது இருக்கிறது. அதை நாம் 'முடியல' என்று சொல்கிறோம். மீம் போடும்போது சிரிப்பதற்குச் சொல்கிற முடியல இல்லை. "அம்மாவுக்கு முடியல" என்று போனில் சொன்னால், எதை முடியல என்று யாரும் கேட்பதில்லை. செயப்பட்டது எதுவுமே இல்லாமல், உயிர் வாழ்வது என்ற காரியமே நிறைவேறமாட்டேங்குது என்பது போல.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், மறதி நோய் வந்த மாமியாரை ஆறு வருடமாக மூத்த மருமகள் பார்த்துக்கொள்கிறார். இரவில் அந்த அம்மா எழுந்து கதவைத் திறந்து தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகவேண்டும் என்று கிளம்புவார். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. மருமகள் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறார். சென்ற வருடக் கடைசியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதினார்: "இனிமே என்னால முடியாது." ஆறு வருடத்தில் முதல் தடவை.

பதில்கள் வந்தன. "மனசு இருந்தா எல்லாம் முடியும் அண்ணி." "இவ்ளோ நாள் முடிஞ்சது இப்ப ஏன் முடியல?" "அண்ணி, நீங்க மாட்டேன்னு சொல்றீங்களா?"

கடைசிக் கேள்வியைக் கேட்டவர் நான் மேலே சொன்ன அதே சோதனையைத்தான் செய்கிறார். அது இங்கே எவ்வளவு அருவருப்பாக இருக்கிறது என்று பாருங்கள். அண்ணியால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. கவுண்டர் தம்பி மாதிரி பயத்தால் அல்ல. அது உண்மை இல்லை என்பதால். அவருக்கு அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள விருப்பம் இருக்கிறது. உடம்பு இல்லை, தூக்கம் இல்லை. ஆஸ்டினின் கோல்ஃப் ஆட்டக்காரரைத் திருப்பிப் போட்ட மாதிரி. விருப்பத்தைக் காட்டி அவரிடம் இயலுமையைக் கேட்பது, நடக்க முடியாதவரிடம் உனக்குக் கோயிலுக்கு வர ஆசை இல்லையா என்று கேட்பது.

அவருடைய 'என்னால' என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வழக்கமாக நாம் விட்டுவிடுகிற சொல். அவர் விடவில்லை. என்னால் முடியாது என்றால் வேறு யாராலாவது முடியும் என்று அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. வீட்டில் மற்றும் மூன்று பிள்ளைகள். ஒருவர் கிள்ளானிலேயே, இருபது நிமிட தூரத்தில். வாரத்தில் இரண்டு இரவு யாராவது வந்து அந்தக் கதவருகே படுத்திருந்தால் அண்ணியின் 'முடியாது' இன்னும் சில வருடம் வந்திருக்காது. ஒருவருடைய இயலாமை மற்ற மூவருடைய மாட்டோமில் இருந்து செய்யப்பட்டிருக்கிறது. அந்த மூவரும் குழுவில் ஒருபோதும் மாட்டோம் என்று எழுதவில்லை. அதை எழுதவேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை, யாரும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அண்ணி அடுத்த செய்தியில் கேட்டுவிட்டார். "சரி, யாரால முடியும்?"

நாலு நாள் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தும் முருகர் படமும் மட்டும் வந்தன. ஐந்தாவது நாள், சிங்கப்பூரில் இருக்கும் கடைசித் தம்பி எழுதினார்: "அண்ணி, மாசம் பணம் அனுப்ப கேன். வந்து இருக்க கேனாட் லா."